சின் ஷி ஹுவாங்கின் சுடுமண் படை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவின் முதல் பேரரசருக்காகப் புதைக்கப்பட்ட சுடுமண் படையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், சியானுக்குச் சுற்றுலா செல்லத் திட்டமிடுபவர்களும், காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு வியப்போடு வருபவர்களும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டுரைக்குத் தகவல் தேடும் பெற்றோரும் ஏறக்குறைய ஒரே ஐயங்களையே எழுப்புகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எளியவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னுமாக வைத்து, இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

இந்தப் படையைப் பற்றிய செய்திகள் மூன்று இடங்களிலிருந்து வருகின்றன: அகழாய்வில் கிடைத்த சான்று, பழைய சீன வரலாற்று நூல், பிற்காலத்தில் வாய்வழியாகப் பரவிய கதை. இம்மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் பிறக்கின்றன. எனவே எந்தச் செய்தி எங்கிருந்து வருகிறது என்பதை ஒவ்வொரு விடையிலும் பிரித்துக் காட்டியுள்ளேன்.

1. சுடுமண் படை என்றால் என்ன? அது எங்கே இருக்கிறது?

சீனாவின் ஷான்சி மாகாணத் தலைநகரான சியானுக்குக் கிழக்கே, லின்தோங் வட்டாரத்தில், லி மலையின் வடக்கு அடிவாரத்தில் முதல் பேரரசரின் கல்லறை மேடு இருக்கிறது. அந்த மேட்டுக்குக் கிழக்கே சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில், தரைக்குக் கீழே வெட்டிய பெரிய குழிகளுக்குள், ஆளுயரச் சுடுமண் வீரர்களும் குதிரைகளும் மரத்தேர்களும் போர் அணிவகுப்பாக நிறுத்திவைக்கப்பட்டன. இவற்றையே சுடுமண் படை என்கிறோம்.

படை என்பது அந்த வளாகத்தின் ஒரு பகுதி மட்டுமே. இரண்டு சுற்றுமதில்கள், கட்டடங்களின் அடித்தளங்கள், குதிரை லாயக் குழிகள், பணியாளர்களின் புதைகுழிகள் என ஐம்பது சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலப்பரப்பில் அது விரிகிறது. 1987இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

2. யார் அந்தப் பேரரசர்? அவருக்கு ஏன் இவ்வளவு பெரிய ஏற்பாடு?

அவருடைய இயற்பெயர் யிங் செங். கி.மு. 259இல் பிறந்து, கி.மு. 246இல் சின் நாட்டின் அரியணையில் சிறுவனாக அமர்ந்தார். அக்காலச் சீனா ஒன்றோடொன்று ஓயாமல் போரிட்ட ஏழு அரசுகளாகப் பிரிந்திருந்தது. மற்ற ஆறையும் வரிசையாக வென்று, கி.மு. 221இல் ஒரே ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்த பிறகு, முதல் பேரரசர் என்று பொருள்படும் சின் ஷி ஹுவாங் என்ற பட்டத்தை ஏற்றார். எழுத்து, நாணயம், எடை, அளவு, வண்டி அச்சின் அகலம் ஆகியவற்றை நாடு முழுவதற்கும் ஒன்றாக்கினார். கி.மு. 210இல், நாட்டைச் சுற்றிப் பார்க்கும் பயணத்தின் நடுவே இறந்தார்.

இறந்த பின்னும் அரசர் அரசராகவே வாழ்கிறார், அவருக்கு அரண்மனையும் அலுவலர்களும் காவலும் தேவை என்ற நம்பிக்கை அவருக்கு முன்பே சீனாவில் வேரூன்றியிருந்தது. ஆனால் அந்த நம்பிக்கையை இந்த அளவில் செயலாக்க, ஒரு நாடு முழுவதன் ஆள்பலத்தையும் திரட்டக்கூடிய நிர்வாகம் வேண்டும். அத்தகைய நிர்வாகம் அவர் கையில் இருந்தது. அரியணை ஏறியவுடனேயே கல்லறைப் பணி தொடங்கிவிட்டதாக வரலாற்று நூல் சொல்கிறது.

3. கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டுபிடித்தார்கள் என்பது கதையா, உண்மையா?

உண்மை. 1974 மார்ச் மாத இறுதியில், சியாங் என்ற சிற்றூரைச் சேர்ந்த யாங் ஜிஃபா முதலிய விவசாயிகள் பாசனத்துக்காகக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். சில மீட்டர் ஆழத்தில், கெட்டியான சிவந்த மண்ணும், அதன் கீழே சுடுமண் துண்டுகளும், ஒரு தலையும், வெண்கல அம்பு முனைகளும், தரையில் பாவிய செங்கற்களும் வெளிப்பட்டன. கிணற்றின் வாய் 1ஆம் குழியின் தென்கிழக்கு மூலைக்கு நேர் மேலே அமைந்திருந்தது. சற்றுத் தள்ளி வெட்டியிருந்தால் வெறும் மண்ணில் இறங்கியிருக்கும்.

செய்தி எட்டியதும் லின்தோங் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜாவ் காங்மின் ஊருக்கு வந்தார். சிதறிய துண்டுகளைத் திரட்டி எடுத்துச் சென்று, கழுவி, ஒன்றோடொன்று பொருத்தி, முதல் வீரர்களை எழுந்து நிற்கச் செய்தவர் அவரே. பழம்பொருள்களை உடைத்தெறிந்த கலாசாரப் புரட்சியின் காலம் இன்னும் முடியாததால், அவர் இந்தப் பணியை ஆரவாரமின்றிச் செய்தார். செய்தி நிறுவனத்தின் நிருபர் ஒருவர் எழுதிய அறிக்கை தலைநகருக்குப் போன பிறகுதான், ஜூலை மாதத்தில் யுவான் சோங்யி தலைமையில் தொல்லியல் குழு வந்திறங்கியது. 1979 அக்டோபர் 1 அன்று அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கண்டெடுத்தவர்களையும் கண்டதன் மதிப்பை உணர்ந்தவரையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கண்டுபிடிப்பின் வரலாறு முழுமையாகும் என்பது என் உறுதியான கருத்து.

4. எட்டாயிரம் வீரர்கள் என்கிறார்கள். படங்களில் அத்தனை பேர் தெரியவில்லையே?

எட்டாயிரம் என்பது எண்ணிக் கண்ட தொகை அன்று, ஒரு மதிப்பீடு. தோண்டிய பகுதியில் ஒரு வரிசைக்கு எத்தனை பேர் நின்றார்கள் என்று கண்டு, அதே அடர்த்தி தோண்டாத பகுதியிலும் தொடர்வதாகக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். அதே முறையில் தேர்கள் சுமார் 130 என்றும், தேர்க்குதிரைகள் சுமார் 520 என்றும், சவாரிக் குதிரைகள் சுமார் 150 என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது.

இவர்களுள் வெளியே எடுக்கப்பட்டுச் சீரமைக்கப்பட்டு நிற்பவர்கள் ஒரு பகுதியினர் மட்டுமே. மற்றவர்கள் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறார்கள். தோண்டுவதை வேண்டுமென்றே மெதுவாகச் செய்வதற்கான காரணத்தை 10ஆம் விடையில் காணலாம்.

5. மூன்று குழிகளிலும் ஒரே மாதிரிச் சிலைகள்தானா?

இல்லை. 1ஆம் குழி 230 மீட்டர் நீளமும் 62 மீட்டர் அகலமும் சுமார் 5 மீட்டர் ஆழமும் கொண்டது. இது முதன்மையான காலாட்படை. கிழக்கு முனையில் மூன்று வரிசைகளாக முன்னணி வீரர்கள் நிற்க, அவர்களுக்குப் பின்னே, திமிசு போட்டு இறுக்கிய மண்சுவர்கள் பிரிக்கும் நெடிய தாழ்வாரங்களில், மற்றவர்கள் தேர்களோடு அணிவகுத்திருக்கிறார்கள். இரு பக்கங்களின் ஓரத்திலும் நிற்பவர்கள் வெளிப்புறம் திரும்பிப் பக்கவாட்டைக் காக்கிறார்கள். பாவிய செங்கல் தரையும், மேலே குறுக்காக அடுக்கிய பெரிய மரத்தடிகளும், அவற்றின் மேல் பாய்களும், அதற்கும் மேல் மண்ணும் என்பதே அந்தக் குழிகளின் கட்டுமானம்.

1976இல் கண்டறியப்பட்ட 2ஆம் குழி சிறியதாயினும் படைப்பிரிவுகளின் வகையில் மிகவும் வளமானது. மண்டியிட்ட வில்லாளர்கள், நின்ற வில்லாளர்கள், குதிரையைக் கையில் பிடித்து நிற்கும் குதிரைவீரர்கள், எண்பதுக்கும் மேற்பட்ட தேர்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஏறத்தாழ 520 சதுர மீட்டர் மட்டுமே கொண்ட 3ஆம் குழியில் 68 உருவங்களும் ஒரு தேரும் கிடைத்தன. அங்கே நிற்பவர்கள் முன்னோக்கி அணிவகுக்காமல் எதிரெதிராக நிற்பதாலும், சடங்குக்கு உரிய விலங்கெலும்புகள் கிடைத்ததாலும், அதைப் படைத்தலைமையகமாகக் கருதுகிறார்கள். நான்காவதாக வெட்டிய குழி ஒன்று வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது. பேரரசர் இறந்ததும் மூண்ட கிளர்ச்சிகளால் பணி பாதியில் நின்றுபோனது என்பதே அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

6. உயிருள்ள வீரர்களின் மேல் களிமண் பூசிச் சுட்டுவிட்டார்களாமே?

இது முழுக்கப் பொய். உடைந்த நிலையில் கிடைத்த ஆயிரக்கணக்கான துண்டுகளை ஆய்வாளர்கள் உள்ளும் புறமும் பார்த்திருக்கிறார்கள். உடற்பகுதி உள்ளீடற்றது. அதன் உட்சுவரில் களிமண் திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அழுத்திய தடங்களும், குயவர்களின் விரல் பதிவுகளும் தெளிவாகத் தெரிகின்றன. எலும்பு எதுவும் இல்லை. மேலும், மனித உடலை உள்ளே வைத்து மூடிச் சுட்டால், நீராவியின் அழுத்தத்தில் களிமண் வெடித்துச் சிதறிவிடும். சூளை வேலை அறிந்த எவரும் இதை உடனே சொல்லிவிடுவார்கள்.

7. அப்படியானால் அவ்வளவு பெரிய உருவங்களை எப்படிச் செய்தார்கள்?

அடியிலிருந்து மேலே. முதலில் தட்டையான பீடம், அதன்மேல் பாதங்கள், பெரும்பாலும் திண்ணிய களிமண்ணாலான கால்கள். கால்கள் ஓரளவு உலர்ந்து பாரம் தாங்கும் நிலைக்கு வந்த பிறகு, அவற்றின்மேல் களிமண் திரிகளைச் சுற்றிச் சுற்றி உடலை எழுப்பினார்கள். கைகளும் தலையும் தனியே செய்யப்பட்டன. தலைக்கு முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சுகள் பயன்பட்டன. இரண்டையும் ஒட்டிய பின், காது, மூக்கு, மீசை, கொண்டை ஆகியவற்றைக் கையால் சேர்த்தும் செதுக்கியும் முடித்தார்கள். கவசத்தின் ஒவ்வொரு தகடும், தகடுகளைக் கட்டும் கயிற்றின் முடிச்சும் ஈரக் களிமண்ணில் தனித்தனியே உருவாக்கப்பட்டன. எல்லாம் நன்கு உலர்ந்த பின் ஏறத்தாழ 900 முதல் 1000 டிகிரி வெப்பத்தில் சுடப்பட்டன. குதிரைகளின் விலாவில் காணப்படும் வட்டத் துளை, சுடும்போது உள்காற்று வெளியேறுவதற்காக விடப்பட்டது.

2ஆம் குழியின் மண்டியிட்ட வில்லாளர் ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்க்க வாய்த்தால், அவருடைய பின்காலின் பாதத்தை அவசியம் பாருங்கள். முழங்கால் தரையில் ஊன்றியிருப்பதால் காலணியின் அடிப்பாகம் வெளியே தெரிகிறது. அதில் நூல் தையலின் புள்ளிகள் வரிசை வரிசையாகக் குத்தப்பட்டிருக்கின்றன. விரல் பக்கமும் குதிகால் பக்கமும் தையல் நெருக்கமாகவும், நடுவில் அகலமாகவும் இருக்கிறது. நடப்பவருக்கு எங்கே தேயும் என்று அறிந்த ஒருவர், இருட்டுக் குழிக்குள் போய் என்றென்றைக்குமாக மூடப்படப்போகும் ஓர் உருவத்தின் உள்ளங்காலுக்கு இவ்வளவு கவனம் கொடுத்திருக்கிறார்.

8. ஒரு முகத்தைப் போல இன்னொரு முகம் இல்லை என்பது எப்படிச் சாத்தியம்?

முந்தைய விடையில் சொன்னபடி, அடிப்படை முகவடிவம் அச்சிலிருந்து வந்தது. அத்தகைய வடிவங்கள் சிலவே. அதன்மேல் கையால் செய்த வேலைதான் ஒவ்வொருவரையும் வேறாக்கியது. புருவம், மீசையின் முறுக்கு, தாடி, கொண்டை சாயும் பக்கம், தலைப்பாகை ஆகிய கூறுகளை மாற்றி மாற்றிச் சேர்த்தாலே வேறுபாடுகள் பெருகிவிடும்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் சீனத் தொல்லியலாளர்களோடு இணைந்து, முப்பது வீரர்களின் காதுகளை மட்டும் ஒளிப்பட முப்பரிமாண அளவீட்டால் ஒப்பிட்டார்கள். மனிதக் காது ஆளுக்கு ஆள் மாறுவதைப் போலவே அவையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அதற்காக, எட்டாயிரம் உண்மையான வீரர்களும் வரிசையில் வந்து அமர்ந்து தங்கள் உருவத்தைச் செய்யக் கொடுத்தார்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பலவகை மனிதர்கள் கலந்த ஒரு படையின் தோற்றத்தை உண்டாக்குவதே குயவர்களின் நோக்கமாக இருந்தது என்று கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

9. செய்தவர்கள் யார்? ஒருவர் பெயராவது தெரியுமா?

தெரியும் என்பதுதான் மகிழ்ச்சியான செய்தி. உருவங்களில் கண்ணுக்கு எளிதில் படாத இடங்களில் முத்திரையாகக் குத்தியும் கீறியும் வைத்த எண்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் கிடைத்திருக்கின்றன. சில பெயர்களுக்கு முன்னால் அரண்மனைப் பட்டறையைக் குறிக்கும் எழுத்து இருக்கிறது. வேறு சிலவற்றுக்கு முன்னால் தலைநகரான சியென்யாங்கின் பெயர் இருக்கிறது. இது கலைஞர்கள் பெருமைக்காகப் போட்ட கையொப்பம் அன்று. பழுது கண்டால் பொறுப்பானவரைக் கண்டுபிடிப்பதற்காகச் சின் அரசு விதித்திருந்த நடைமுறை. தண்டிப்பதற்காகக் குறிக்கச் சொன்ன பெயர்கள்தான் இன்று அந்தக் குயவர்களை நமக்கு அறிமுகப்படுத்துகின்றன.

கல்லறை வேலைக்கு ஏழு லட்சம் பேர் கொண்டுவரப்பட்டதாக சீமா சியென் என்ற வரலாற்றாசிரியர் எழுதினார். அவர் எழுதியது பேரரசர் இறந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த எண்ணை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்பவர்கள் பலர். ஆனால் கட்டாய உழைப்பு நடந்தது என்பதற்கு மண்ணிலேயே சான்று இருக்கிறது. 1979இல் வளாகத்தின் மேற்குப்புறத்தில் பணியாளர்களின் புதைகுழிகள் கண்டறியப்பட்டன. சில எலும்புக்கூடுகளோடு உடைந்த ஓட்டுத்துண்டுகள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் இறந்தவரின் ஊரும் பெயரும், அபராதத்தையும் கடனையும் உழைப்பால் தீர்க்க வந்தவர் என்ற குறிப்பும் கீறப்பட்டிருந்தன. ஊர்ப்பெயர்கள் வெல்லப்பட்ட கிழக்கு நாடுகளைச் சேர்ந்தவை. படையைக் கண்டு வியக்கும் ஒவ்வொருவரும் அந்த ஓட்டுத்துண்டுகளைப் பற்றியும் அறிந்திருக்க வேண்டும்.

10. எல்லாமே மண் நிறத்தில் இருக்கின்றனவே, வண்ணம் பூசியிருந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. தலை முதல் கால் வரை வண்ணம் பூசப்பட்டிருந்தது. சுட்டெடுத்த உருவத்தின் மேல், ஒருவகை மரத்தின் பாலிலிருந்து எடுக்கும் பழுப்பு நிற மெருகைத் தடவி, அதன்மேல் நிறங்களைத் தீட்டினார்கள். சிவப்புக்குச் சாதிலிங்கமும், பச்சைக்கும் நீலத்துக்கும் செம்புக் கனிமங்களும், வெள்ளைக்கு எலும்புச் சாம்பலும் பயன்பட்டன. இவற்றோடு ஊதா நிறம் ஒன்றும் உண்டு. பேரியம், செம்பு, சிலிக்கா ஆகியவற்றை உயர் வெப்பத்தில் சேர்த்துச் செயற்கையாகச் செய்யப்பட்ட நிறம் அது. கருஞ்சிவப்பு மேலாடை, பச்சைக் காற்சட்டை, இளஞ்சிவப்புத் தோல் என்று நிறைந்து நின்ற படையை மனத்தில் கற்பனை செய்துகொள்ள வேண்டும். 1999இல் 2ஆம் குழியில் பச்சை முகம் கொண்ட வில்லாளர் ஒருவரும் கிடைத்தார்.

இரண்டாயிரம் ஆண்டுகள் ஈரமண்ணில் இருந்த அந்த மெருகுப் படலம், தோண்டி எடுத்து உலர்ந்த காற்றுப் பட்டதும் சுருங்கிச் சுருண்டு, சில நிமிடங்களில் நிறத்தோடு உதிர்ந்துவிடுகிறது. தொடக்ககால அகழாய்வில் பெரும்பாலான நிறங்கள் இப்படித்தான் போயின. ஜெர்மனியின் பவேரியா மாநிலப் பாதுகாப்பு வல்லுநர்களோடு சேர்ந்து உருவாக்கிய முறைப்படி, இப்போது துண்டு வெளிப்பட்டவுடனேயே ஈரம் காயாமல் காத்து, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளை மெருகுக்குள் ஊறச்செய்து நிறத்தை நிலைநிறுத்துகிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இவ்வளவு பாடுபட வேண்டியிருப்பதே அகழாய்வு மெதுவாக நடப்பதற்குத் தலையாய காரணம். காத்திருக்கும் உருவம் மண்ணுக்குள் பத்திரமாகவே இருக்கிறது என்பதால், இந்த நிதானம் மிகச் சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

11. கைகள் எதையோ பிடித்திருப்பது போலிருக்கின்றன. ஆயுதங்கள் எங்கே போயின?

அவை உண்மையான ஆயுதங்கள்: ஈட்டி, வேல், வாள், குறுக்குவில். மரத்தாலும் மூங்கிலாலுமான பிடிகளும் வில் தண்டுகளும் மக்கிப்போய், வெண்கலப் பகுதிகளே எஞ்சின. பெருமளவு ஆயுதங்களைக் கிளர்ச்சிக்காரர்கள் எடுத்துச் சென்றிருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து. அப்படியிருந்தும் ஏறத்தாழ 40,000 அம்பு முனைகளும், நூற்றுக்கணக்கான குறுக்குவில் விசைகளும் கிடைத்துள்ளன.

அம்பறாத்தூணி ஒன்றுக்கு ஏறத்தாழ நூறு அம்புகள் என்ற கணக்கில் அவை கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒரே கட்டில் இருந்த முனைகளின் உலோகக் கலவை ஒத்திருக்கிறது, கட்டுக்குக் கட்டு மாறுகிறது. ஒரு பட்டறை முனைகளை மட்டும், இன்னொன்று தண்டுகளை மட்டும் செய்து பின்னால் சேர்க்கும் முறை அங்கே நடக்கவில்லை. ஒவ்வொரு குழுவும் தொடக்கம் முதல் முடிவு வரை முழு அம்புக்கட்டைச் செய்து முடித்தது என்று இதிலிருந்து அறிகிறார்கள்.

12. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் துருப்பிடிக்காத வாள், அந்தக் காலத்திலேயே குரோமியம் முலாம் என்று படித்தேனே?

அந்தச் செய்தி பழைய நூல்களில் இன்றும் இருக்கிறது, ஆனால் அது மறுக்கப்பட்டுவிட்டது. சில ஆயுதங்களின் மேற்பரப்பில் குரோமியம் காணப்பட்டதால், அக்கால மக்கள் முலாம் பூசும் நுட்பத்தை அறிந்திருந்தார்கள் என்று முன்பு எண்ணினார்கள். 2019இல் வெளியான ஆய்வில் 464 வெண்கலப் பொருள்களைச் சோதித்தபோது, 37இல் மட்டுமே குரோமியம் இருந்தது. மிக நன்றாகப் பளபளத்தவற்றுள் பலவற்றில் அது அறவே இல்லை. மேலும் அது பெரும்பாலும் மரப்பிடியை ஒட்டிய பகுதிகளில் இருந்தது. மரத்துக்கும் உருவங்களுக்கும் பூசிய மெருகில்தான் குரோமியம் மிகுதியாக இருந்தது, அதிலிருந்து உலோகத்துக்கு ஒட்டிக்கொண்டது என்று அந்த ஆய்வு விளக்கியது.

வெண்கலத்தைக் காத்தவை வேறு: தகரம் மிகுந்த கலவையும், சற்றே காரத்தன்மையும் நுண்ணிய துகள்களும் கொண்ட அந்த இடத்து மண்ணும்.

13. இவ்வளவு கவனமாகச் செய்தவை ஏன் சுக்குநூறாகக் கிடந்தன?

நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு வீரரும் துண்டுகளிலிருந்து பொருத்தி எழுப்பப்பட்டவர். மண்டியிட்ட வில்லாளர்கள் உயரம் குறைவு என்பதால் ஓரளவு தப்பினார்கள். 1ஆம், 2ஆம் குழிகளின் கூரை மரங்கள் எரிந்து கரியானதும், சுவர் மண் செங்கல்போலச் சிவந்து வெந்ததும் கண்கூடான சான்று. கிணறு வெட்டியவர்கள் முதலில் சந்தித்த சிவந்த மண் அதுதான். எரிந்த கூரை மேலிருந்த மண்ணின் பாரத்தோடு சரிந்து வீரர்களின் மேல் விழுந்தது. 3ஆம் குழி எரியவில்லை, ஆனால் அங்கேயும் பல தலைகள் இல்லை.

தீ வைத்தவர் யார் என்பது நூல் சார்ந்த ஊகம். சின் அரசு வீழ்ந்தபோது, கி.மு. 206இல் தலைநகருக்குள் புகுந்த சியாங் யூ என்ற தளபதி அரண்மனைகளை எரித்ததையும் கல்லறையைச் சூறையாடியதையும் பற்றி பழைய நூல்கள் பேசுகின்றன. காலம் பொருந்துவதால் அவருடைய படையே காரணம் எனப் பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

14. மனிதர்களுக்குப் பதிலாகச் சிலைகளை வைத்தார் என்றால், அவர் இரக்கமுள்ள அரசரா?

அப்படிச் சொல்ல இடமில்லை. அரசரோடு மனிதர்களைப் பலியிட்டுப் புதைக்கும் வழக்கம் சின் நாட்டிலேயே இருந்தது. அவருக்கு முன்னோரான சிங் கோமகனின் கல்லறையில் 186 பேரின் எச்சங்கள் கிடைத்தன. கி.மு. 384இல் அவ்வழக்கம் சட்டப்படி நிறுத்தப்பட்டது. ஆகவே உருவங்களைப் புதைக்கும் மாற்றம் பேரரசருக்கு முன்பே தொடங்கிவிட்டது.

அவர் இறந்தபோது, பிள்ளை பெறாத அரண்மனைப் பெண்களும், உள்வேலைகளை அறிந்த கைவினைஞர்களும் உள்ளேயே அடைக்கப்பட்டார்கள் என்று சீமா சியென் எழுதுகிறார். இதற்கான நேரடிச் சான்று கல்லறை திறக்கப்படாதவரை கிடைக்காது. ஆனால் மதிலுக்கு வெளியே கிழக்கே தோண்டிய சில கல்லறைகளில், கொலையுண்ட இளவயதினரின் உடல்கள் விலைமதிப்புள்ள பொருள்களோடு கிடைத்துள்ளன. பட்டம் ஏற்ற இளைய மகன் தன் உடன்பிறந்தாரைக் கொன்றதாக நூல் கூறுவதோடு இவற்றை இணைத்துப் பார்க்கிறார்கள்.

15. படை ஏன் கிழக்கு நோக்கி நிற்கிறது?

சின் நாடு மேற்கில் இருந்தது. அது வென்ற ஆறு நாடுகளும் கிழக்கில் இருந்தன. எனவே பகை வரக்கூடிய திசையைப் படை பார்க்கிறது என்பது வழக்கமான விளக்கம். தெற்கே லி மலையும் வடக்கே வெய் ஆறும் இயற்கை அரணாக இருந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். கல்லறை வளாகமே கிழக்கு நோக்கிய அமைப்பு என்பதால், தனியே படைக்கு மட்டும் காரணம் தேட வேண்டாம் என்பாரும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

16. கல்லறையை ஏன் இன்னும் திறக்கவில்லை? பயமா?

பயம் அல்ல, பட்டறிவு. பெய்ஜிங்குக்கு அருகில் மிங் மரபைச் சேர்ந்த வான்லி பேரரசரின் திங்லிங் கல்லறையை 1956 முதல் 1958 வரை அகழ்ந்தார்கள். உள்ளே இருந்த பட்டுத் துணிகள் காற்றுப் பட்டதும் நிறம் மங்கி நொறுங்கத் தொடங்கின. அவற்றைக் காக்கும் அறிவு அப்போது போதுமானதாக இல்லை. அதன் பின்னர், தாமாகச் சிதைவுக்கு உள்ளாகாத பேரரசர் கல்லறைகளைத் திறப்பதில்லை என்பதே சீன அரசின் கொள்கையாக இருந்துவருகிறது. பத்தாம் விடையில் சொன்ன வண்ண மெருகின் நிலையே இப்படி என்றால், பட்டு, மரம், மூங்கில் ஏடு ஆகியவற்றின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

17. உள்ளே பாதரச ஆறு ஓடுகிறது, கால் வைத்தால் அம்பு பாயும் என்பதெல்லாம் உண்மையா?

இரண்டும் சீமா சியென் எழுதியவை. நாட்டின் ஆறுகளையும் கடலையும் பாதரசத்தால் அமைத்து இயந்திரத்தால் ஓடவிட்டார்கள், மேலே விண்மீன்களை அமைத்தார்கள், நுழைபவர்மேல் பாயும் குறுக்குவில்களைப் பொருத்தினார்கள் என்கிறார் அவர்.

பாதரசத்துக்கு அறிவியல் ஆதரவு இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் கல்லறை மேட்டின் மண்ணைச் சோதித்தபோது, நடுப்பகுதியில் பாதரச அளவு சுற்றுப்புறத்தைவிடப் பன்மடங்கு உயர்ந்திருந்தது. 2020இல் வெளியான லேசர் அளவீட்டு ஆய்வும் மேட்டுக்கு மேலுள்ள காற்றில் பாதரசம் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. ஆகவே உள்ளே பாதரசம் உண்டு என்பது வலுவான முடிவு. அது ஆறாக அமைந்ததா என்பதற்கு நூல் மட்டுமே சாட்சி. அம்புப் பொறியைப் பொறுத்தவரை, அப்படியே இருந்திருந்தாலும் அதன் மரமும் நாணும் எப்போதோ மக்கிப்போயிருக்கும்.

18. கிரேக்கச் சிற்பிகள் வந்து கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒரு செய்தி வந்ததே?

சீனாவில் அதற்கு முன் ஆளுயர மனித உருவங்கள் அரிதாகவே செய்யப்பட்டன என்பதால், அலெக்சாந்தருக்குப் பின் நடு ஆசியாவரை பரவிய கிரேக்கச் சிற்பக்கலையின் செல்வாக்கு இருந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இது ஆராயத்தக்க கருத்துதான். ஆனால் கிரேக்கச் சிற்பி ஒருவர் அங்கே வேலை செய்ததற்கு நேரடிச் சான்று இல்லை. கிடைத்த பெயர்கள் அனைத்தும் சீனப் பெயர்கள். ஏழாம் விடையில் சொன்ன திரி அடுக்கும் முறையும் அச்சும் சின் நாட்டுக் குயவர்கள் வடிகால் குழாய்க்கும் கூரை ஓட்டுக்கும் முன்பே கையாண்டவை. சியென்யாங் அருகே, பேரரசுக்கு முற்பட்ட கல்லறை ஒன்றில், ஏறத்தாழ ஒரு சாண் உயரமுள்ள சுடுமண் குதிரைவீரர் உருவங்களும் கிடைத்துள்ளன. உருவம் செய்யும் பழக்கம் அங்கே இருந்தது, அளவுதான் புதியது.

19. சீமா சியென் எழுதியதில் சுடுமண் படையே இல்லை என்கிறார்கள். அப்படியானால் அது இந்தப் பேரரசருடையதுதான் என்று எப்படிச் சொல்ல முடியும்?

நியாயமான கேள்வி. பாதரசம் வரை எழுதிய அவர் படையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை என்பது மெய். இதை வைத்து, படை பேரரசரின் கொள்ளுப்பாட்டன் காலத்து அரசித் தாயாருக்கு உரியது என்ற வாதமும் எழுந்தது.

அதற்கு விடை ஆயுதங்களிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. 1ஆம் குழியின் வெண்கல ஆயுதங்கள் சிலவற்றில், யிங் செங் இளவயதில் ஆண்டபோது முதலமைச்சராக இருந்த லூ புவெய்யின் பெயரும், அந்த ஆயுதம் செய்யப்பட்ட ஆட்சியாண்டும் இருக்கின்றன. வேறு சில நீண்ட ஈட்டி முனைகளில் 15 முதல் 19 வரையிலான ஆட்சியாண்டுகள் உள்ளன. 19ஆம் ஆட்சியாண்டு என்பது கி.மு. 228. எனவே குழி மூடப்பட்டது அதற்குப் பிறகுதான். அந்த அரசித் தாயாரோ அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இறந்தவர். குழிகள் கல்லறை மேட்டோடு கொண்டுள்ள இட உறவையும், ஒன்பதாம் விடையில் குறிப்பிட்ட பட்டறைப் பெயர்களையும் சேர்த்துப் பார்த்தால், தொல்லியலாளர்களுக்கு இதில் ஐயமில்லை.

20. படையைத் தவிர வேறு என்ன கிடைத்தது? நேரில் போனால் எதைத் தவறவிடக் கூடாது?

1980இல் கல்லறை மேட்டுக்கு மேற்கே கிடைத்த இரண்டு வெண்கலத் தேர்களைத் தவறவிடாதீர்கள். உண்மையான தேரில் பாதியளவு கொண்ட இவை, நான்கு குதிரைகளோடும் ஓட்டுநரோடும், ஆயிரக்கணக்கான உறுப்புகளைக் கோத்துச் செய்யப்பட்டவை. பொன், வெள்ளி அணிகளும் வண்ணத் தீட்டும் உண்டு. குதிரையின் கடிவாளக் கண்ணிகள் வரை அசையும். 2021 முதல் இவற்றுக்கெனக் கல்லறை வளாகத்திலேயே தனி அருங்காட்சியகம் இருக்கிறது. சுண்ணக்கல் தகடுகளைச் செம்புக் கம்பியால் கோத்த கவசங்கள் ஒரு குழியிலும், வேடிக்கை காட்டும் கழைக்கூத்தர்களின் உருவங்கள் இன்னொன்றிலும், நீர்ப்பரப்பின் ஓரத்தில் நிற்பதுபோல் வைத்த வெண்கல நாரைகளும் அன்னங்களும் வாத்துகளும் வேறொன்றிலும் கிடைத்தன.

1ஆம் குழியில் பெரும்பாலோர் முன்பக்க மேடையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பக்கவாட்டு நடைபாதை வழியாகக் குழியின் பின்கோடிவரை செல்லுங்கள். 2009இல் தொடங்கிய மூன்றாம் கட்ட அகழாய்வில் வெளிப்பட்டவை உட்பட, பொருத்தப்பட்டுக்கொண்டிருக்கும் வீரர்கள் அங்கே நிற்கிறார்கள். சிலருக்குத் தலை இன்னும் வரவில்லை, சிலரை நெகிழிப் பட்டைகள் சுற்றிப் பிடித்திருக்கின்றன. வேலைநாளில் சென்றால், பாதுகாப்பு வல்லுநர்கள் அவர்களுக்கிடையே அமர்ந்து துண்டு துண்டாகச் சேர்ப்பதையும் காணலாம்.